கரியும் ரொட்டியும்

அக்டோபர் 6, திங்கள்

காலை மழை, பத்து மணிக்கு நின்றது. இந்தப் பருவத்தில் முதல் தடவையாக ஹீட்டர். அரை மணி நேரம் தூசி கருகும் வாசனை.

செய்தவை: பூந்தொட்டிகள் உள்ளே. சாம்பல் கார்டிகனுக்குப் பொத்தான். மகன் ஸ்டீபனின் அறைக்கு விரிப்பு, தலையணை உறை.
செய்யாதது: நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொல்லி நம் டாக்டர் ஆகஸ்டில் எழுதிக் கொடுத்த சீட்டு. ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. இருக்கட்டும்.

இ.கை (இடது கை, இனி இப்படியே): காபிக்குப் பிறகு ஒரு முறை, ஜெபமாலையின்போது ஒரு முறை, மதியம் படிக்கும்போது ஒரு முறை. மொத்தம் மூன்று. வேலை செய்யும்போது ஆடுவதில்லை. காய் நறுக்கினால் இல்லை, கார் ஓட்டினால் இல்லை, ஊசியில் நூல் கோர்த்தால்கூட இல்லை. சும்மா மடியில் கிடந்தால்தான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல.

ஸ்டீபன் 16ஆம் தேதி டெக்சாஸிலிருந்து வருகிறான். வெள்ளிக்கிழமை ஆபீஸ் வேலை, சனிக்கிழமை என்னோடு, ஞாயிறு திரும்புகிறான். அங்கே ஆலன் என்ற ஊரில் அவன் வீட்டுக் கீழ்த்தளத்தில் எனக்கென்று ஒரு அறை கட்டி முடித்தாகிவிட்டது. நான் கேட்கவில்லை. ஒரு காரணம் கிடைத்தால் போதும், ஞாயிறு விமானத்தில் என்னையும் உட்கார வைத்துவிடுவான். நல்ல பிள்ளை. அதுதான் பயம்.

இந்தக் கை அவன் கண்ணில் படக் கூடாது. மூன்றே நாள். சமாளிக்கலாம்.

இதையெல்லாம் தமிழில் எழுதுவதே அவனால் படிக்க முடியாது என்பதால். ஆறு வயதில் எங்களோடு அமெரிக்கா வந்தவன். பேசுவான், எழுத்து தெரியாது. சொல்லிக்கொடுக்காமல் விட்டோமே என்று முன்பு வருத்தப்பட்டதுண்டு. இப்போது இல்லை.

வசந்தா போன். "நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன். ஒரு மணி நேரம் நீ உட்காரணும். மாட்டேன்னு சொல்லாதே." நூலகத்தில் அவளுடைய ஓவிய வகுப்பின் கண்காட்சி, 18ஆம் தேதி. ஆளுக்கு ஒரு நண்பரை வரைய வேண்டுமாம்.

"உனக்கு வேற ஃப்ரெண்ட்ஸே இல்லையா?"

"இருக்காங்க. யாரும் ஒரு மணி நேரம் அசையாம இருக்க மாட்டாங்க. நீதான் கான்வென்ட்காரி."

சரி என்றேன். புகழ்ச்சியில் மயங்கி. உட்காருவது என்றால் கையைச் சும்மா வைத்திருப்பது என்று போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

அக்டோபர் 7, செவ்வாய்

வெயில். எதிர்வீட்டில் இலை ஊதும் இயந்திரம், எட்டு மணியிலிருந்து.

வசந்தா வந்தது 10.20. மன்னிப்பு இல்லை. சல்வாருக்கு மேல் சுந்தரத்தின் பழைய நீலச் சட்டை. அவள் கணவர் போய் மூன்று வருடம் ஆகிறது. சட்டைகள் இன்னும் உழைக்கின்றன.

என் பட்டுப் புடவையைப் பார்த்ததும், "இதென்ன, ஸ்கூல் ஆண்டு விழாவா? போயி அந்தச் சாம்பல் கார்டிகனைப் போட்டுட்டு வா."

"படம்னா ஒரு மரியாதை வேணாமா?"

"மரியாதையை நான் வரையலை. வெளிச்சத்தை வரையறேன்."

வகுப்பில் இவர்களுக்கு இம்ப்ரெஷனிஸம் நடக்கிறது. ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, இந்த நிமிடம் கண்ணுக்கு எப்படிப் பட்டது என்பதை வரைவது. வாத்தியார் எல்லோரையும் மன்ஹாட்டனில் ஒரு மியூசியத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அங்கே எடுத்த படம் ஒன்றைப் போனில் காட்டினாள். அந்தக் காலத்துப் பிரெஞ்சு ஓவியர் ஒருவர் தன் நண்பரைப் பெரிய படமாக வரைவதற்கு முன் போட்டுப் பார்த்த பென்சில் வரைவு. முகம் முழுதாக, கால் இருக்கும் இடத்தில் மூன்று கோடு. தோள் இரண்டு இடத்தில் இருக்கிறது.

"தப்பா போட்டுட்டு அழிக்கலையே" என்றேன்.

"அதுதான் எனக்குப் பிடிச்சது. அவர் யோசிக்கறது தெரியுது பாரு. எங்க வாத்தியார் ரப்பரே வாங்க விடலை. போட்ட கோடு போட்டதுதான். தப்புன்னா பக்கத்துல இன்னொண்ணு போடணும்."

எங்கள் திருச்சி கான்வென்டில் சிஸ்டர் ஒரு தாளில் ஒரு அழுக்குத் தடம் கண்டாலும் கிழித்துப் போடுவார். சொன்னேன். "அதான் நீ இப்படி இருக்கே" என்றாள்.

மறைந்த என் கணவரின் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். நான் கைக்குட்டையை இ.கையில் சுருட்டிப் பிடித்து, வலது கையை மேலே வைத்து உட்கார்ந்தேன். ஏற்பாடு செய்துவைத்திருந்ததுதான்.

"அந்தக் கைக்குட்டையை எடு. வெள்ளை கண்ணைக் குத்துது."

எடுத்தேன். வலது கையால் இ.கையை அழுத்திக்கொண்டேன். நாற்பது நிமிடம். கரித்துண்டு பிரவுன் தாளில் உரசும் சத்தம். அவள் பார்வை என் முகத்துக்கும் மடிக்கும் போய்ப் போய் வந்தது. மடிக்கு அதிகம்.

படத்தைக் காட்டவில்லை. "வியாழக்கிழமை இன்னொரு தடவை. அப்புறம் பார்க்கலாம்."

இ.கை: எண்ண முடியவில்லை.

அக்டோபர் 8, புதன்

ஓக் ட்ரீ ரோடு இந்தியக் கடை. வாங்கியவை: துவரம்பருப்பு, புளி, கறிவேப்பிலை (வாடல், திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கினேன்). பில் போடும் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண், போனில்: "தனியா இருக்க முடியாதுன்னு அவங்களுக்கே தெரியாதுங்க. நமக்குத்தான் தெரியும். நாமதான் டிசைட் பண்ணணும்." யாருடைய மாமியாரோ. வீட்டுக்கு வந்தும் அந்தக் குரல் போகவில்லை.

மாலை ஸ்டீபன் வீடியோவில்.

"அம்மா, போனை ரெண்டு கையாலயும் பிடிங்க. ஆடுது."

"ஹீட்டர் காத்து."

"ஹீட்டர் காத்துல போன் ஆடுமா?" சிரித்தான். பிறகு அறையைச் சுற்றிக் காட்டினான். புதுக் கட்டில். குளியலறைச் சுவரில் மூன்று இடத்தில் பளபளவென்று கைப்பிடி.

"யாருக்கு இந்தப் பிடியெல்லாம்?"

"சும்மா மா. சேஃப்டிக்கு."

நன்றாக இருக்கிறது என்றேன். நன்றாகத்தான் இருந்தது. இன்னொருவர் வீட்டில் மிக நல்ல அறை.

அக்டோபர் 9, வியாழன்

மேகமூட்டம். வசந்தா 10.15. முன்னேற்றம்.

இரண்டாவது தடவை உட்கார்ந்தேன், ஐம்பது நிமிடம். முடிந்ததும் கை கழுவப் போனாள். தாள் பொருத்திய பலகை சோபாவில் சாய்ந்திருந்தது. போய்ப் பார்த்தேன்.

முகம் நான்தான். உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகவே செய்திருக்கிறாள். ஜன்னல் பக்கக் கன்னத்தில் வெள்ளைச் சுண்ணத்தால் இரண்டு இழுப்பு, அதிலேயே காலை வெளிச்சம் வந்துவிட்டது. மூக்கு விறைப்பு. வாய் மூடிய விதம் என் அம்மா.

கீழே, மடியில், ஐந்து இடது கைகள்.

ஒன்றன் மேல் ஒன்றாக. விசிறி மடிப்பதுபோல. அடக்க வந்த வலது கை ஒன்றே ஒன்று, கெட்டியாக, நடுவில்.

வசந்தா கதவருகே துண்டால் கை துடைத்தபடி நின்றாள்.

"உனக்குக் கை வரையத் தெரியலை" என்றேன்.

"வரும்."

"அஞ்சு கையா? நான் என்ன உங்க ஊர் அம்மனா?"

"எங்க அம்மனுக்கு எட்டு. உனக்கு இன்னும் மூணு பாக்கி." சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினாள். "கை ஒரு இடத்துல நிக்கலை, ஃபிலோ. நின்ன இடத்தையெல்லாம் போட்டேன்."

"குளிர்."

"சரி."

அந்த 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்து வந்தது இன்னும் மோசம். இது பெரிய படத்துக்கு முன்வரைவுதானே, எண்ணெய் வண்ணத்தில் ஒரே கையாகப் போட்டுவிடு என்றேன். இல்லையாம். பெரிய படத்துக்கு இப்போது நேரமில்லையாம். செவ்வாய்க்கிழமையே இதைப் போனில் படமெடுத்து வாத்தியாருக்கு அனுப்பியிருக்கிறாள். இந்த வரைவே கண்காட்சிக்கு வரட்டும் என்று அவர் சொல்லிவிட்டாராம்.

18ஆம் தேதி. ஸ்டீபன் இங்கே இருக்கும் நாள். நூலகத்துக்கு அவன்தான் காரில் அழைத்துப் போவான். என் ஐந்து கைகளும் சுவரில்.

"வேற படம் கொடு."

"இதுதான் நல்லா வந்திருக்கு."

"நான் சொல்றேன் இல்ல, வேணாம்."

"போச்சாது விடு. அப்புறம் பேசலாம்" என்று தன் கோயம்புத்தூர்ப் பேச்சில் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். தூறல். தாள் நனையும் என்று பலகையை இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். சோபாவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

இ.கை: ஏழு. இதுவரை அதிகம்.

நோயின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெயர் எனக்குத் தெரியும். சுந்தரத்துக்கும் அதுதான்.

அவருக்கும் இப்படித்தான் தொடங்கியது. விரல் உருட்டல். பிறகு தோள், நடை, கடைசியில் ஸ்பூன்.

எழுதிவிடுகிறேன். ஆறு வருடத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸ் விருந்து, இந்த மேசையில். வெள்ளை விரிப்பு, கான்வென்டில் கடைசி வருடம் நானே எம்பிராய்டரி போட்டது. மூலைக்கு மூலை திராட்சைக் கொடி. சுந்தரம் மட்டன் குழம்புக் கிண்ணத்தை எடுத்தார், பாதி விரிப்பில். மஞ்சள் கறை. "பரவாயில்ல, பரவாயில்ல" என்று சொன்னேன். சொன்ன விதம் எனக்கே கேட்டது. வசந்தா அவர் கையைத் துடைத்தாள், நான் விரிப்பைத் துடைத்தேன்.

அடுத்த வருடம் வசந்தாவிடம், "இந்த வருஷம் விருந்து வைக்கலை, முடியலை" என்றேன். வைத்தேன். பன்னிரண்டு பேர். அதற்கடுத்த வருடமும். அவர் இருந்தவரை அப்படியே.

அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. தெரியாது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு தெரு தள்ளி வீடு.

பாவசங்கீர்த்தனத்தில் குருவிடமும் சொன்னதில்லை. பத்துக் கட்டளைகளில் எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை என்பது சாக்கு.

அக்டோபர் 11, சனி

செய்தது சரியல்ல. வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஒன்பது. பலகையை எடுத்து உணவு மேசையில் கிடத்தினேன். வீட்டில் ரப்பர் இல்லை. ஆனால் கரியை ரொட்டியால் அழிக்கலாம். கான்வென்டில் வரைகலை வகுப்பில் அப்படித்தான், ஓரம் நீக்கிய வெள்ளை ரொட்டி, உள்பக்கத்தை உருட்டி ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. மிச்சத்தைத் தின்றால் முழங்காலில் நிற்க வேண்டும்.

மூன்று துண்டு ரொட்டி. ஒரு கையை வைத்துக்கொண்டு நான்கை எடுப்பது என் கணக்கு. எடுத்தேன். உருண்டைகள் கறுத்துக்கொண்டே வந்தன.

தாள் நகராமல் இ.கையால் அழுத்திப் பிடித்திருந்தேன். அதை யோசிக்கவில்லை. சும்மா அழுத்தும் கை, சும்மா இருக்கும் கைதானே. அது ஆட, தாளும் ஆட, ஒற்ற வேண்டிய இடத்தில் இழுபட்டது.

நிமிர்ந்து பார்த்தபோது நான்கு கையும் போகவில்லை. புகையாகிவிட்டன. ஒரு கை, அதைச் சுற்றிச் சாம்பல் நிற மங்கல், இப்படியும் அப்படியும். முன்பு ஐந்து கை வைத்த கிழவி. இப்போது ஒரு கை, நடுங்குகிறது. யார் பார்த்தாலும் ஒரு நொடியில் தெரியும்.

ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை, கரியில், நான்கு தரம் வரிசையாக.

ரொட்டியைக் குப்பையில் போட்டேன். பிறகு எடுத்து, காகிதத்தில் சுற்றி, வெளித்தொட்டியில் போட்டேன். யார் பார்க்கப் போகிறார்கள்?

அக்டோபர் 12, ஞாயிறு

பூசை 9.30. பிரசங்கம் நீளம்.

நன்மை (நற்கருணை அப்பம்) வாங்குவது கோடையிலிருந்து நாக்கில். முன்பெல்லாம் கையில்தான். முதல் நன்மைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்த எட்டு வருடமும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்: இடது உள்ளங்கை மேலே, வலது கை கீழே தாங்க வேண்டும், ஆண்டவருக்கு நாற்காலி போடுவதுபோல. இப்போது நான் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு போய் வாயைத் திறக்கிறேன். இன்று கொடுத்தவர் ஒரு கணம் தயங்கினார்.

வசந்தாவுக்கு இரண்டு முறை போன். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

காற்று. மேப்பிள் மரம் ஒரே நாளில் பாதி காலி.

வசந்தா சரியாகப் பத்து மணிக்கு வந்தாள். அதுவே என்னவோ போலிருந்தது.

பலகையை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். நான் சமையலறை வாசலில் நின்றேன்.

"ரப்பர் ஏது உங்கிட்ட?"

"ரொட்டி."

"என்னது?"

"ரொட்டி. உள்பக்கம். கான்வென்ட்ல அப்படித்தான் அழிப்போம்."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். என் கணவரின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள், பலகையை முழங்காலில் வைத்துக்கொண்டு.

"எங்க வீட்டுக்காரரும் கர்சீஃப்தான் வச்சுக்குவாரு" என்றாள். "ஆபீஸ்ல மீட்டிங்னா ரெண்டு."

"உனக்கு முதல் நாளே தெரிஞ்சுதா?"

"கைக்குட்டையை எடுன்னதும் உன் முகம் போன போக்குலயே தெரிஞ்சுது."

"அப்ப ஒரு கையைப் போட்டுட்டு விட்டிருக்கலாம் இல்ல? ஏன் வரைஞ்சே?"

"அவரோடதை நான் ரெண்டு வருஷம் பார்க்காத மாதிரியே இருந்தேன், ஃபிலோ. அவருக்காகத்தான்னு நினைச்சேன். கடைசியில என்ன சொன்னாரு தெரியுமா? உனக்கு அருவருப்பா இருக்குன்னு நினைச்சேன்னாரு." பலகையின் விளிம்பைத் தடவினாள். "எல்லாரும் அப்படித்தான் இருந்தாங்க. சில பேரு கூப்பிடறதையே விட்டாங்க."

வாசல் நிலையில் இல்லாத தூசியை நான் துடைத்தேன்.

"அந்தக் கிறிஸ்துமஸ் ராத்திரி உன் வீட்டு வாசல்ல ஏழு காரு. மருந்து வாங்கிட்டு உங்க தெரு வழியாத்தான் வந்தோம். நான் எண்ணினேன். அவரும் எண்ணியிருப்பாரு. 'ஃபிலோ வீட்டுல விசேஷம் போல'ன்னாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அதைப் பேசலை."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வாயில் வந்தது, "டீ போடட்டுமா?"

"வேணாம்."

பையிலிருந்து ஒரு படிவம் எடுத்து மேசையில் வைத்தாள். கண்காட்சிப் படிவம். வரையப்பட்டவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"நீ போட்டா இது போகும். இல்லேன்னா என்னோட கத்திரிக்காய்ப் படம் போகும். வியாழக்கிழமை அஞ்சு மணிக்குள்ள நூலகத்துல கொடுக்கணும்."

"இந்தப் படத்தையா? கெடுத்துட்டேனே."

"கெடுத்தியா? கை ஆடறது எனக்கு வரலைன்னுதான் அஞ்சு தரம் போட்டேன். உனக்கு ரொட்டியில வந்துடுச்சு. எங்க வாத்தியாருக்கே வராது இது."

பாராட்டா, குத்தலா? பலகையையும் படிவத்தையும் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வாசல் வரை போகவில்லை நான்.

அக்டோபர் 15, புதன்

படிவம் மேசையில். காலை முதல் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன்.

கையெழுத்துப் போடாவிட்டால்: கத்திரிக்காய். ஸ்டீபன் எதுவும் பார்க்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை போய்விடுவான். இந்த வீடு, இந்த ஜன்னல், இந்தத் தெரு, நான். அடுத்த வருகை வரை. அதற்குள் தோள் வந்துவிடும். நடை வந்துவிடும். கைக்குட்டை இரண்டாகும்.

வசந்தா இனி வருவாளா? வருவாள். அவள் அப்படித்தான். 10.20க்கு வருவாள், கையைப் பார்க்க மாட்டாள்.

மதியம் படிவத்தை முழுதாகப் படித்தேன். வசந்தா கோழிக்கிறுக்கல் ஆங்கிலத்தில் நிரப்பியிருக்கிறாள். தலைப்பு: தோழி, பெரிய படத்துக்கான முன்வரைவு. பயன்படுத்திய பொருள்கள்: பிரவுன் தாள், கரி, வெள்ளைச் சுண்ணம். அதன் கீழே சிறிய எழுத்தில் அச்சு: எதையும் விடாமல் எழுதவும்.

விட்டிருக்கிறாள்.

என்னால் அரைகுறைப் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பேனாவை எடுத்து, சுண்ணத்துக்குப் பக்கத்தில், என் அச்சு எழுத்தில், ரொட்டி என்று சேர்த்தேன். மை. மை காய்ந்த பிறகுதான் புரிந்தது. இதை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடாமல் இருப்பது எப்படி?

போட்டேன். முழுப் பெயர்.

அதே மூச்சில் ஜெபப் புத்தகத்தைத் திறந்து, சீட்டில் இருந்த எண்ணுக்குப் போன். நரம்பு டாக்டர், 28ஆம் தேதி, மதியம் 2.15.

பிறகு வசந்தாவுக்கு. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாப்பிட வா. ஆறரைக்கு. ஸ்டீபன் இருப்பான்."

"என்ன விசேஷம்?"

"விருந்து" என்றேன்.

அக்டோபர் 16, வியாழன்

3.40க்கு நூலகம். பலகை, படிவம், இரண்டும் கொடுத்தாயிற்று. ரசீது வாங்கிக்கொண்டேன்.

ஸ்டீபன் மாலை ஏழு. மெலிந்திருக்கிறான். கட்டிப்பிடித்தபோது இ.கையை அவன் முதுகுக்குப் பின்னால் முஷ்டியாக வைத்துக்கொண்டேன். பழக்கம். நாளை இல்லை.

அக்டோபர் 18, சனி, காலை

ஸ்டீபன் இன்னும் தூங்குகிறான். நேற்று நடந்தது.

பெட்டியின் அடியிலிருந்து அந்த விரிப்பை எடுத்தேன். கறை அப்படியே, பெரிய இலை அளவு, ஓரம் பழுப்பு. இஸ்திரி போட்டு விரித்தேன். கறை இருக்கும் பக்கம் என் தட்டு.

வசந்தா வந்து விரிப்பைப் பார்த்தாள். உட்காரவில்லை. குனிந்து கறையை விரலால் தொட்டாள்.

"இது போகவே இல்லையா?"

"இல்ல."

ஸ்டீபன், "வேற டேபிள் கிளாத் இல்லையா மா?"

"இருக்கு" என்றேன். பிறகு, அவன் இருக்கும்போதே, "சுந்தரத்தை நான் கூப்பிடாம விட்டது பாவம், வசந்தா. இந்தத் துணிக்காக விட்டேன்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. "மட்டன் குழம்பா? வாசனை தெரு வரைக்கும் வருது. முதல்ல சோறு போடு."

போட்டேன். எல்லோருக்கும் பரிமாறி முடித்து நானும் உட்கார்ந்தேன். இ.கையைத் தூக்கி விரிப்பின் மேல் வைத்தேன். கறையின் மேல். விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பக்கத்தில் இருந்த முள்கரண்டி தட்டில் தட்ட ஆரம்பித்தது. டிக், டிக், டிக்.

ஸ்டீபன் போனைத்தான் முதலில் பார்த்தான். பிறகு ஹீட்டரை. பிறகு என் கையை.

"அம்மா."

"ஆமா."

"எப்பலேர்ந்து?"

"ஜூலை எட்டு, செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதே கால்."

"த்ரீ மந்த்ஸ்! ஏன் எங்கிட்ட சொல்லலை?"

வசந்தா எலும்பைக் கடித்தபடி, "சொல்லியாச்சு கண்ணு. நாளைக்கு லைப்ரரி சுவத்துல மாட்டறாங்க."

அவன் சிரிக்கவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனான், திரும்பி வந்தான். முகம் அவன் அப்பா கோபப்பட்டால் இருப்பதுபோல. "நான் ஏற்கெனவே டிக்கெட் எடுத்துட்டேன் மா. சண்டேக்கு. ரெண்டு."

"என்னைக் கேட்காமலா?"

"கேட்டா வர மாட்டீங்க."

"அதனாலதானே நானும் சொல்லலை" என்றேன்.

28ஆம் தேதி டாக்டர் என்றேன். ஆலனில் இதைவிட நல்ல டாக்டர் இருக்கிறார் என்றான். பாத்திரத்தை அவனே கழுவினான்.

என் சூட்கேஸ், பார்த்தால், ஹாலில். பரணிலிருந்து இறக்கி வைத்திருக்கிறான்.

மாலை

கண்காட்சி பதினொன்றுக்கு. ஸ்டீபன்தான் கார் ஓட்டினான். சூட்கேஸைப் பற்றி நான் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை.

நூலகத்தின் நீளச் சுவரில் பதினாறு படம். நான் ஜன்னலுக்கு எதிரே. ஒரு வெள்ளைக்கார அம்மாள் தன் கணவரிடம், "இந்தக் கையைப் பாருங்களேன், அசைகிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பின்னால்தான் நின்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்து, பிறகு என் கையைப் பார்த்து, சிவந்துபோனாள். நான் மறைக்கவில்லை. வணக்கம் சொல்வதுபோல் தலையசைத்தேன்.

ஸ்டீபன் படத்தின் முன்னால் கைகட்டி நின்றான். பத்து நிமிடம் இருக்கும். கீழே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தான்.

"பிரெட்? ரொட்டியில வரைஞ்சாங்களா?"

"அது நான்" என்றேன். "அழிக்கப் பார்த்தேன்."

"எனக்குத் தெரியக் கூடாதுன்னா?"

"ஆமா."

குனிந்து ஓரத்தில் இருந்த நான்கு கட்டைவிரல் ரேகைகளைப் பார்த்தான். ரொம்பப் பக்கத்தில். மூக்கை உறிஞ்சினான். சிறு வயதிலும் இவன் கைக்குட்டை எடுத்துப் போக மாட்டான்.

வசந்தா வந்து நடுவில் நின்றாள். சுந்தரத்தின் சட்டை இல்லை, இன்று நல்ல புடவை.

"ஆன்ட்டி, இதுதான் ஃபைனல் பெயிண்டிங்கா?"

"இல்ல கண்ணு. இது முன்வேலை. இனிமேல்தான் ஆயில்ல பெரிசா ஒண்ணு. உங்கம்மா வாரத்துக்கு ரெண்டு நாள் உட்காரணும். செவ்வாய், வியாழன்."

"எத்தனை வாரம்?"

"மார்ச் ஆகிடும்."

"ஒரு படத்துக்கு அஞ்சு மாசமா?"

"ஆளு அசைஞ்சுக்கிட்டே இருக்காங்க. நான் என்ன பண்ணட்டும்?"

முதலில் சிரித்தது நான். சத்தமாக. நூலகத்தில் அப்படிச் சிரித்தது இதுதான் முதல் தடவை. ஸ்டீபன் அதட்டுவதுபோல் என்னைப் பார்த்தான், பிறகு அவனுக்கும் வாய் கோணிவிட்டது.

"டெக்சாஸ்லயும் ஜன்னல் இருக்கு ஆன்ட்டி."

"இருக்கும். நான் அங்க இல்லையே."

திரும்பும்போது வசந்தாவும் எங்கள் காரில், பின் சீட்டில். சிக்னலில் ஸ்டீபன் போனை எடுத்தான். கண்ணாடியில் அவளைப் பார்த்து, "ஒரு டிக்கெட்டை கேன்சல் பண்ணட்டுமா?"

"என் டிக்கெட். என்னைக் கேளு" என்றேன்.

பச்சை விழுந்தது. பின்னால் வந்தவர் ஹார்ன் அடித்தார். அவன் நகரவில்லை.

"கேன்சல் பண்ணட்டுமா, மா?"

"பண்ணு."

"28ஆம் தேதி நான் வீடியோல இருப்பேன். கையை மறைக்கக் கூடாது."

"மறைக்கலை."

"மார்ச் வரைக்கும்தான்."

"படம் முடியற வரைக்கும்."

பின் சீட்டிலிருந்து: "நான் மெதுவாத்தான் பெயிண்ட் பண்ணுவேன், தம்பி. வண்டியை எடு."

இ.கை: இன்று எண்ணவில்லை.

செவ்வாய்: சாம்பல் கார்டிகன். நாற்காலி ஜன்னலுக்கு. ரொட்டி வாங்க வேண்டும், சாப்பிட. வசந்தா பத்து மணி என்று சொல்லியிருக்கிறாள், அதாவது 10.20.